ஊற்று என் நிலத்தில்: 'சுசுஸ் யாஸ்' படத்தின் தண்ணீர் வழக்கு

1964-ல் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய பரிசான தங்கக் கரடி, துருக்கியிலிருந்து வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் போனது. படத்தின் பெயர் 'சுசுஸ் யாஸ்'. தண்ணீரில்லாத கோடை என்று பொருள். இயக்குநர் மெதின் எர்க்சான். அதே விழாவில் 'மகாநகர்' படத்துக்காகச் சத்யஜித் ராய் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி வாங்கினார். பிரேசிலின் வறண்ட வடகிழக்கில், பசித்த ஜனங்களுக்கு நடுவே உணவுக் கிடங்குக்குக் காவல் நிற்கும் சிப்பாய்களைப் பற்றிய ரூய் குவேராவின் படத்துக்கும் ஒரு வெள்ளிக் கரடி கிடைத்தது. ஒரே விழாவில் இரண்டு வறட்சிப் படங்கள். இரண்டிலுமே வறட்சிக்கும் மக்களுக்கும் இடையில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான்.

'சுசுஸ் யாஸ்' பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'இயற்கையோடு போராடும் கிராமத்து மக்களின் கதை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரி போதவில்லை. இந்தப் படத்தில் வறட்சி ஓர் ஆளைக்கூடக் கொல்வதில்லை. ஒருவன் தோட்டாவுக்குச் சாகிறான், இன்னொருவன் கூடப்பிறந்தவன் கையால் தண்ணீரிலேயே சாகிறான். அதனால் இதை ஒரு வழக்குக் கட்டைப்போல் பிரித்துப் பார்க்க நினைக்கிறேன். தண்ணீர் எங்கே இருந்தது, யார் மறித்தார்கள், எந்தச் சட்டம் துணைநின்றது, எந்த இடத்தில் யார் மறுத்திருந்தால் விவகாரம் அங்கேயே நின்றிருக்கும் என்று. கதையை முடிவுவரை சொல்லித்தான் ஆக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அண்ணன் ஓஸ்மான் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அவன் பேராசையை மட்டும் ஆராய்ந்தால் வழக்கு பிடிபடாது. தப்பு என்று தெரிந்தும், வாய்விட்டுச் சொல்லியும், கடைசியில் அண்ணன் சொல்லைத் தட்ட முடியாமல் கூடவே நின்ற தம்பி ஹசனிடம்தான் இந்த வழக்கின் முடிச்சு இருக்கிறது.

ஊரும் மழையும்

படம் எடுக்கப்பட்ட இடம் பாதெம்லெர் என்ற கிராமம். இஸ்மீர் நகருக்கு மேற்கே, ஏஜியன் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர்லா வட்டாரத்தில் இருக்கிறது. 1930-களிலிருந்தே ஊர்க்காரர்களே சேர்ந்து நாடகம் போட்டுவரும் கிராமம் என்று துருக்கி முழுக்க அதற்கு ஒரு பெயர் உண்டு. கூட்டமாக வரும் காட்சிகளில் தெரியும் முகங்களில் ஒரு பழக்கப்பட்ட தைரியம் இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இஸ்மீர் பக்கம் வருடத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கேட்டால் குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடும். ஜூலை, ஆகஸ்டில் பெய்வதைத் தூறல் என்றுகூடச் சொல்ல முடியாது. பயிருக்கு வெயில் கிடைக்கும்போது தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருக்கும்போது வெயில் இருக்காது. மத்தியதரைக் கடலோரம் முழுக்க இதுதான் கதி. ஆக, தண்ணீரில்லாத கோடை அந்த ஊருக்குத் திடீரென்று வந்த ஆபத்தே இல்லை. வருடா வருடம் வருவது, எப்போது வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. அப்படிப்பட்ட ஊரில் கோடையிலும் வற்றாமல் கசியும் ஓர் ஊற்று என்றால், மேட்டில் இருப்பவன் பாய்ச்சியது போக மிச்சம் கீழே இறங்கும், கீழே இருப்பவன் அதை வாங்கிப் பாய்ச்சுவான். எழுதாத ஒப்பந்தம். வறட்சியோடு வாழ அந்த ஊர் கண்டுபிடித்திருந்த வழி அது.

புகையிலை அந்த வட்டாரத்தின் பணப்பயிர். பாத்தியில் நாற்று வளர்த்து, வசந்த காலத்தில் பிடுங்கி நட்டு, குழிக்குக் குழி தண்ணீர் ஊற்ற வேண்டும். கோடையில் விடியுமுன்பே எழுந்து அடியிலையிலிருந்து மேலே மேலே பறித்து, நீண்ட ஊசியில் கோத்து, வெயிலில் காயப்போட வேண்டும். குடும்பம் முழுக்க இறங்கினால்தான் ஆகும் வேலை. ஒரு வருடம் பயிர் போனால் அடுத்த வருடத்துக்குக் கடன்தான். 1960-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி துருக்கியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஜனங்கள் கிராமங்களில்தான் இருந்தார்கள். கீழ்வயல்காரன் ஏன் அந்த அளவுக்குக் கொதித்துப்போகிறான் என்பது இந்தக் கணக்கு தெரிந்தால்தான் புரியும்.

மூலக்கதையை எழுதியவர் நெஜாத்தி ஜுமாலி. இன்றைய கிரேக்கத்தில் இருக்கும் ஃப்ளோரினாவில் 1921-ல் பிறந்தவர். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த மக்கள் பரிமாற்றத்தில் அவர் குடும்பம் ஊர்லாவில் வந்து குடியேறியது. சட்டம் படித்து அந்தப் பக்கத்திலேயே வக்கீலாகத் தொழில் செய்தார். வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் எப்படி வழக்காகின்றன, வழக்கு எப்படி வீட்டுக்குள் நுழைகிறது என்பதை அவர் சொல்லும் விதத்தில் அந்த வக்கீல் அனுபவம் தெரிகிறது.

நடந்தது இதுதான்

ஊற்று, அண்ணன் தம்பி இருவரின் குடும்ப நிலத்தில் இருக்கிறது. அண்ணன் கோஜாபாஷ் ஓஸ்மான், மனைவி இல்லாதவன். தம்பி ஹசன் இளைஞன், பஹார் என்ற பெண்ணை விரும்புகிறான். கோடை நெருங்கும்போது ஓஸ்மான் முடிவெடுக்கிறான்: இனி தண்ணீர் கீழே போகாது, அணை கட்டித் தேக்கி நம் வயலுக்கு மட்டும். தம்பி தயங்குகிறான், ஊரைச் சொல்லிப் பார்க்கிறான், பிறகு அடங்குகிறான். ஊர்க்காரர்கள் கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள், நீதிமன்றம் போகிறார்கள். காகிதம் நகரும் வேகத்துக்கும் பயிர் வாடும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு நடுவில் ஹசனுக்கும் பஹாருக்கும் கல்யாணம் ஆகிறது. ஊர்க்காரர்கள் சகோதரர்களின் நாயைக் கொல்கிறார்கள். ஒருநாள் இரவு அணையை உடைக்க ஆட்கள் வருகிறார்கள். ஓஸ்மான் சுடுகிறான், ஒருவன் விழுந்து சாகிறான்.

அடுத்து வருவதுதான் படத்தின் மிகக் கொடிய காட்சி என்பேன். அண்ணன் தம்பியிடம், பழியை நீ ஏற்றுக்கொள், நீ வயதில் சின்னவன், தண்டனை குறையும் என்கிறான். தம்பி ஏற்றுக்கொள்கிறான். ஹசன் ஜெயிலுக்குப் போகிறான். அவன் எழுதும் கடிதங்கள் பஹார் கைக்கு வராமல் ஓஸ்மான் பார்த்துக்கொள்கிறான். ஹசன் செத்துவிட்டான் என்று நம்பவைக்கிறான். போக்கிடமில்லாத அந்தப் பெண்ணைத் தனக்கு ஆக்கிக்கொள்கிறான். பொது மன்னிப்பில் வெளியே வரும் ஹசன் ஊருக்குத் திரும்புகிறான். அணைத் தண்ணீருக்குள் இருவரும் கட்டிப் புரள்கிறார்கள். ஓஸ்மான் சாகிறான். திறந்த தண்ணீரோடு அவன் உடல் வாய்க்கால் வழியே கீழே, அவன் யாருக்கு மறித்தானோ அவர்களிடம் போய்ச் சேருகிறது.

சட்டம் யார் பக்கம்?

ஓஸ்மானைச் சும்மா ஒரு கயவன் என்று ஒதுக்கிவிடாமல் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அவன் பேச்சில் அவனுக்கே ஒரு நியாயம் இருக்கிறது. ஊற்று என் நிலத்தில் பிறக்கிறது, என் நிலத்தில் பிறப்பது எனக்குச் சொந்தம். துருக்கியின் சட்டப் புத்தகமும் அப்போது ஏறக்குறைய அதையேதான் சொன்னது.

உஸ்மானியர் காலத்தில் 1869-க்கும் 1876-க்கும் இடையில் தொகுக்கப்பட்ட சிவில் சட்டம் 'மெஜெல்லே'. அதன் 1234-வது பிரிவு தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் எல்லோரும் பங்காளிகள் என்றது. நபிமொழியிலிருந்து வந்த கோட்பாடு. அடுத்த பிரிவு, நிலத்துக்கு அடியில் ஓடும் நீர் எவருடைய உடைமையும் ஆகாது என்றது. மேட்டுக்காரன் முழுக்க மறிக்கக் கூடாது என்று கிராமத்துப் பெரியவர்கள் நினைத்ததற்குப் பின்னால் இப்படி ஒரு மரபு இருந்தது.

1926-ல் குடியரசு சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தை எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பெண்களின் நிலைக்கும் குடும்பச் சட்டத்துக்கும் அது பெரிய பாய்ச்சல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் 679-வது பிரிவு ஊற்றை நிலத்தின் பிரிக்க முடியாத பகுதி என்றது. நிலம் யாருடையதோ ஊற்றும் அவருடையது. ஆல்ப்ஸ் மலையில் கோடையிலும் பனி உருகி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஒருவன் தன் ஊற்றை வைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இன்னொரு ஊற்று கிடைக்கும். நான்கு மாதம் மழையே இல்லாத ஊர்லாவில் அதே விதி ஓஸ்மான் கையில் ஓர் ஆயுதமாகிவிட்டது.

1960 டிசம்பரில் துருக்கி 167-வது எண்ணுள்ள நிலத்தடி நீர்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலத்தடி நீர் இனி பொதுவானது, அரசின் ஆளுகைக்கு உட்பட்டது என்றது. ஊற்று மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அதாவது பூமிக்கு அடியில் இருக்கும்வரை அந்தத் தண்ணீர் எல்லோருக்கும் பொது, கண்ணுக்குத் தெரியும்படி வெளியே கசிந்த அந்த இடத்தில் பட்டாதாரருக்குச் சொந்தம். படம் எடுக்கப்பட்டது இதற்கு மூன்றே வருடம் கழித்து, 1963-ல்.

கீழ்வயல்காரர்களுக்குச் சட்டத்தில் கதவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே சிவில் சட்டத்தின் 2-வது பிரிவு, அடுத்தவனுக்குக் கெடுதல் செய்வதற்காக மட்டுமே ஓர் உரிமையைப் பயன்படுத்தினால் சட்டம் அதைக் காக்காது என்றது. அந்த 'மட்டுமே' என்ற இடத்தில்தான் ஓஸ்மான் தப்பித்துக்கொள்வான். அவனிடம் பயிர் இருக்கிறது, பயிருக்குத் தண்ணீர் வேண்டும். கெடுதல் செய்வதற்காக மட்டும் மறித்தான் என்று நிரூபிக்க எந்த வக்கீலாலும் ஆகாது. தேவைக்கு மேல் அவன் தேக்கி வைத்திருக்கிறான் என்று நிரூபிக்கலாம், ஆனால் அதற்கு அளக்க வேண்டும், ஆள் வர வேண்டும், அறிக்கை வர வேண்டும். அதற்குள் செடி கருகிவிடும். வழக்கு ஓடும் நாட்களே ஓஸ்மானுக்கு லாபம். எர்க்சான் நீதிமன்றத்தை அநியாயக்காரர்களின் இடமாகக் காட்டவில்லை. நல்ல எண்ணத்தோடு இருந்தாலும் அந்த வேகத்தில் பயிரைக் காப்பாற்ற அதனால் முடியாது என்பதைத்தான் காட்டுகிறார்.

தம்பியின் தலையாட்டல்

ஓர் அணை கட்ட ஓர் ஆள் போதாது. கல் தூக்க வேண்டும், மண் அள்ள வேண்டும், இரவில் முறைவைத்துக் காவல் இருக்க வேண்டும். ஹசன் கை கொடுக்கவில்லை என்றால் ஓஸ்மானின் முடிவு வெறும் வாய்ப்பேச்சு. ஹசனுக்கு ஊர் மேல் பகை கிடையாது. பஹாரின் குடும்பமும் அந்த ஊரில்தான் இருக்கிறது. தண்ணீரை மறிப்பது பாவம் என்று அவனுக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்லவும் செய்கிறான். ஆனால் சொல்வதோடு நின்றுவிடுகிறான். சொல்லிவிட்டு, அண்ணன் காட்டிய இடத்தில் போய் நிற்கிறான். படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது ஓஸ்மானை விட்டுவிட்டு ஹசனை மட்டும் கவனியுங்கள். ஊர்க்காரர்கள் வந்து நியாயம் கேட்கும் காட்சிகளில் அவன் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேட்கிறவர்களோடு மனதால் நிற்கிறான், உடம்பால் அண்ணனோடு நிற்கிறான்.

அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் அப்பாவுக்குச் சமம். இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அண்ணன் வாய் திறந்தால் தம்பி மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்த மரியாதை எத்தனையோ குடும்பங்களைச் சிதறாமல் காப்பாற்றியிருக்கிறது, நிலம் துண்டு துண்டாகாமல் காத்திருக்கிறது. ஓஸ்மான் அந்த மரியாதையை மூன்று தடவை பயன்படுத்துகிறான். முதலில் தம்பியின் உழைப்பை எடுத்துக்கொள்கிறான், அணை கட்ட. பிறகு தம்பியின் வயதை எடுத்துக்கொள்கிறான், கொலைப்பழி சுமக்க. கடைசியில் தம்பியின் மனைவியை. மூன்றுமே ஒரே உரிமையின் பேரில்: நான் மூத்தவன். அவனுக்கு ஊற்றும் தம்பியும் பஹாரும் வேறு வேறு கிடையாது. என் நிலத்தில் இருப்பது எனக்கு, என் வீட்டில் இருப்பதும் எனக்கு.

முதல் தடவை ஹசன் அழுத்தமாக மறுத்திருந்தால் மற்ற இரண்டும் நடந்திருக்காது. கொலைப்பழியை ஏற்கும் இடத்தில் அவன் தியாகம் செய்கிறான் என்று படிக்கலாம், பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். எனக்கு அதில் தியாகம் தெரியவில்லை. முதல் நாள் மண்வெட்டியை எடுத்தபோது தொடங்கிய அதே அடங்கிப்போதல், இப்போது பெரிய விலையோடு வருகிறது. அண்ணன் கேட்பது நியாயமில்லை என்று அவனுக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். ஜெயில் மட்டும்தான் அவனை அந்த வீட்டிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. வெளியே வரும் ஹசன் அண்ணனை எதிர்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அப்போது கொலை ஒன்றுதான் பாக்கி இருக்கிறது.

நடிகர் தேர்வும் இதற்கு உதவுகிறது. ஓஸ்மானாக வரும் எரோல் தாஷ் நூற்றுக்கணக்கான துருக்கிப் படங்களில் வில்லனாக நடித்தவர். பிற்காலத்தில் இஸ்தான்புல்லில் ஒரு காபிக்கடை நடத்திக்கொண்டு ஜனங்களோடு ஜனமாக இருந்தார். அவருடைய பெரிய தலையும் அகன்ற முகமும் திரையில் வந்தாலே பக்கத்தில் நிற்பவர் சிறுத்துப்போவார். ஹசனாக நடித்த உல்வி தோஆன் படத்தின் தயாரிப்பாளரும்கூட. அவர் நடிப்பில் பெரிய ஆழம் கிடையாது. ஆனால் அந்த ஆழமின்மையே, அண்ணன் நிழலில் வளர்ந்த ஒருவனுக்குப் பொருந்திப்போகிறது.

பஹார்

பஹாராக நடித்த ஹூல்யா கோச்யீத்துக்கு இது முதல் படம், வயது பதினாறுக்குள். பிறகு துருக்கி சினிமாவின் பெரிய நட்சத்திரமானார்.

ஒரு காட்சியில் ஓஸ்மான் பால் கறக்கும் பசுவின் மடியில் வாய் வைத்து உறிஞ்சுகிறான், கண் மட்டும் பஹார் மேல். வசனம் இல்லை, தேவையும் இல்லை. ஊற்றின் வாயில் அவன் செய்ததைத்தான் இங்கேயும் செய்கிறான்: ஓடி எல்லோருக்கும் போக வேண்டியதை ஊறும் இடத்திலேயே தன் வாய்க்குள் வாங்கிக்கொள்கிறான். இன்னொரு காட்சியில் வயலில் பஹாரைப் பாம்பு கடிக்கிறது. ஓஸ்மான் காலைப் பிடித்து விஷத்தை உறிஞ்சித் துப்புகிறான். உயிரைக் காப்பாற்றும் செயல், ஆனால் அவன் வாய் அங்கேயே தங்கும் நேரம் பார்க்கிறவர்களுக்கு உடம்பு கூசும். புதுமணத் தம்பதியின் அறைச் சுவரின் ஓட்டை வழியாக அவன் பார்ப்பதும் உண்டு.

இங்கே எனக்குப் படத்தின் மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. ஓஸ்மானின் பார்வை கேடானது என்று காட்டுவதற்காகப் படம் அவன் கண் வழியாகவே பஹாரைப் பலமுறை பார்க்கிறது. சில இடங்களில் கண்டிப்பதற்கும் ரசிப்பதற்கும் உள்ள கோடு அழிந்துபோகிறது. கணவன் செத்துவிட்டான் என்று கேட்ட பிறகு அந்தப் பெண்ணுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில நிமிடங்கள் வேண்டியிருந்தது. எர்க்சான் அதைத் தரவில்லை. ஊர்க்காரர்களும் பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறார்கள். பயிர் இழந்த ஒரு குடும்பத்தின் அடுப்படிக்குள் கேமரா ஒருமுறை போயிருந்தால் கீழ்வயலின் கதை இன்னும் கனத்திருக்கும்.

வெயிலைப் படம் பிடித்தது

குறையைச் சொன்ன கையோடு இதையும் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவாளர் அலி உகுர் அந்த ஊரின் வெயிலை வெயிலாகவே விட்டிருக்கிறார். அரங்கு கிடையாது, நிஜ வயல், நிஜ வீடு. வெளுத்த வானத்துக்குக் கீழே கறுத்த முகங்கள். தேங்கிய நீரின் மேல் வெளிச்சம் உடைந்து ஆடும். மடை திறக்கும்போது காய்ந்த வாய்க்காலில் தண்ணீரின் முனை முதலில் தூசியையும் சருகையும் தள்ளிக்கொண்டு வரும், பிறகுதான் தெளியும். விவசாயம் தெரிந்த எவரும் அந்தத் தண்ணீர் முனையோடு கூடவே நடந்திருப்பார்கள். படத்தில் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து ஓடிவரும்போது, இத்தனை அடிதடியும் எதற்கு என்று வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

துருக்கியில் 1960 மே மாத ராணுவப் புரட்சிக்குப் பிறகு 1961-ல் வந்த அரசியல் சட்டம் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. அதுவரை சினிமாவில் வராத கூலிக்காரர்களும் குடியானவர்களும் திரைக்கு வந்தார்கள். எர்க்சான் அந்த அலையின் முன்வரிசைக்காரர். 1962-ல் ஃபகிர் பாய்குர்ட்டின் நாவலிலிருந்து அவர் எடுத்த 'பாம்புகளின் பழி', ஒரு வீட்டு முன்னே இன்னொருவன் வீடு கட்ட முனையும் இடத்தகராறு. 1968-ல் எடுத்த 'கிணறு', ஒரு பெண்ணைத் தன் உடைமையாக்க ஒருவன் படும் வெறி. நடுவில் இந்தத் தண்ணீர்ப் படம். மனை, தண்ணீர், பெண் என்று மூன்று படங்களிலும் அவர் விடாமல் துரத்தியது 'என்னுடையது' என்ற எண்ணத்தைத்தான்.

படத்தை மறித்த கதை

எர்க்சானுக்குத் தணிக்கையோடு இருந்த சண்டை வறண்ட வயலில்தான் தொடங்கியது. 1952-ல் வந்த அவருடைய முதல் படம், பார்வையற்ற நாட்டுப்புறக் கவிஞர் ஆஷிக் வெய்செலைப் பற்றியது. அதில் பயிர் குட்டையாகத் தெரிகிறது, நம் மண்ணை விளையாத மண்ணாகக் காட்டுகிறது என்று தணிக்கைக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். செழித்த வயலும் டிராக்டரும் வரும் காட்சிகள் சேர்க்கப்பட்டன. 'பாம்புகளின் பழி' படத்தையும் நிறுத்திவைத்தார்கள். ஜனாதிபதி ஜெமால் கூர்செல் பார்த்து அனுமதித்த பிறகே அது வெளியே வந்தது. குடியானவனின் கஷ்டத்தைத் திரையில் காட்டினால் நாட்டுக்கு அவமானம் என்று நினைத்த காலம்.

'சுசுஸ் யாஸ்' வெளிநாடு போவதையும் அதிகாரிகள் விரும்பவில்லை. உல்வி தோஆன் படச்சுருளைக் கார் டிக்கியில் வைத்து எல்லை கடத்திக் கொண்டுபோனார் என்பது துருக்கி சினிமா வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. தங்கக் கரடி கிடைத்தது. துருக்கி சினிமாவுக்கு அது முதல் தங்கக் கரடி. அடுத்தது, செமிஹ் கப்லானோலுவின் 'பால்' படத்துக்கு 2010-ல்தான் வந்தது. அந்தப் பெயருக்குத் துருக்கியில் தேன் என்று அர்த்தம். கருங்கடல் பக்கத்து மலைக்காட்டில், உயர்ந்த மரங்களில் தேனெடுக்கும் ஒரு அப்பாவும் மகனும். அதிலும் காடு ஏமாற்றும் வருடம்தான் கதையின் அச்சு.

விருதுக்குப் பிறகு நடந்தது வேதனையானது. படத்தின் உரிமை தயாரிப்பாளரிடம் இருந்தது. இயக்குநருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வெளிநாட்டுச் சந்தைக்காகத் தனியாக எடுத்த படுக்கையறைக் காட்சிகளை ஒட்டி, வேறு தலைப்பில், அண்ணன் மனைவி தம்பி மனைவி விவகாரமாக அமெரிக்காவில் ஓட்டினார்கள். தண்ணீர் வழக்கைப் பார்க்க வந்தவனுக்கு அதில் தண்ணீரே கிடைத்திருக்காது. பல வருடங்கள் நல்ல பிரதி எளிதில் பார்க்கக் கிடைக்காமல் கிடந்தது. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளை, 2008-ல் இத்தாலியின் பொலோனியாவில் படத்தை மீட்டுச் சீர்செய்து கான் விழாவில் காட்டியது. ஜெர்மனியில் வாழும் துருக்கி வம்சாவளி இயக்குநர் ஃபாதிஹ் அகின் அதற்குத் துணைநின்றார். எர்க்சான் 2012-ல் இறந்தார். மீண்டு வந்ததைப் பார்க்க அவருக்கு நான்கு வருடம் மிச்சமிருந்தது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

தீராமல் நிற்பது

வழக்குக் கட்டை மூடுமுன் ஒரு விஷயத்தைக் குறித்துவைக்க வேண்டும். படத்தின் முடிவில் தண்ணீர் கீழே போகிறது. எந்தத் தீர்ப்பும் அதைத் திறக்கவில்லை, ஊர் கூடி எடுத்த முடிவும் திறக்கவில்லை. ஓர் ஆள் செத்ததால் திறந்தது. நிலமும் ஊற்றும் அப்படியே இருக்கின்றன, சட்டமும் அப்படியே. வேண்டுமென்றே கொன்றவன் கொல்லப்பட்டவனுக்கு வாரிசாக முடியாது என்பது துருக்கிச் சட்டத்திலும் உண்டு. ஆனால் குடும்ப நிலத்தில் ஹசனுக்கு ஏற்கெனவே இருக்கும் பங்கை அது தொடாது. ஆக ஊற்றின் ஒரு பங்கு இனியும் ஹசனுடையது, மறு பங்கு யார் கைக்குப் போகும் என்பது அடுத்த வழக்கு. ஹசன் நல்லவன், மறிக்க மாட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். அவனிடமிருந்து வாங்குகிறவன் எப்படியிருப்பான் என்று சொல்ல முடியாது.

2002 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய துருக்கி சிவில் சட்டத்தின் 756-வது பிரிவு, ஊற்று நிலத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று இன்றும் சொல்கிறது. 761-வது பிரிவில் கீழ்வயல்காரனுக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்கோ நிலத்துக்கோ தேவையான தண்ணீர் வேறு வழியில் பெரும் சிரமமும் செலவும் இல்லாமல் கிடைக்காது என்றால், பக்கத்து நிலத்துக்காரரின் தேவைக்கு மேல் மிஞ்சும் தண்ணீரை, முழு விலை கொடுத்து, உரிமையாகக் கேட்டு வாங்கலாம். ஓஸ்மானின் ஊரில் அதைக் கேட்க வேண்டியவன், அந்தக் கோடையில் பயிர் கருகி, கையில் காசில்லாமல் நிற்பவன்.